சைதாப்பேட்டையிலிருந்து கோயம்புத்தூருக்கு: ஒரு கல்லூரிப் பண்ணையின் வரலாறு

கொள்ளுப்பிட்டி முதல் கல்கிசை வரை காலி வீதியின் இருமருங்கிலும் வாழ்வோர்க்கு அரிசி என்பது கடையிலிருந்து வரும் பொருளாகும். அவ்வரிசியின் பெயரையும் விலையையும் அறிந்தோர் பலர் உளர். அந்நெல்லினம் எங்கே, எத்தனை ஆண்டு உழைப்பின் பயனாக உருவாயிற்று என்பதை அறிந்தோர் மிகச் சிலரே. அவ்வுழைப்பின் கணிசமான பகுதி விவசாயக் கல்லூரிகளைச் சார்ந்த பண்ணைகளிலே நிகழ்ந்தது. பல்கலைக்கழகம் என்றதும் விரிவுரை மண்டபமும் நூலகமும் நம் நினைவுக்கு வருகின்றன. உழவுமாடும் எருக்குழியும் நெற்களஞ்சியமும் வருவதில்லை. ஆயினும் விவசாயக் கல்வியில் நூலகத்துக்கு நிகரான இடம் பண்ணைக்கு உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

அவ்வரலாறு சென்னைக்கு அண்மையிலுள்ள சைதாப்பேட்டையிலே தொடங்குகின்றது. 1861 முதல் 1866 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த சேர் வில்லியம் டெனிசன், இயந்திரங்களின் வாயிலாக இந்திய விவசாயத்தைச் சீர்செய்யலாம் என்னும் நம்பிக்கை உடையவர். நீராவிக் கலப்பை, விதைக்குங் கருவி, கதிரடிக்கும் பொறி, நீரிறைக்கும் பொறி முதலியன அவர் காலத்தில் இங்கிலாந்திலிருந்து தருவிக்கப்பட்டன. அவற்றைச் சோதிப்பதற்கென முந்நூறு ஏக்கருக்குக் குறையாத நிலம் சைதாப்பேட்டையில் ஒதுக்கப்பட்டது. 1868ஆம் ஆண்டு அங்கு எழுந்த விவசாயப் பாடசாலையையே இன்றைய பல்கலைக்கழகம் தனது தோற்றுவாயாகக் கொள்கின்றது. ரொபர்ட்சன் என்பாரின் பொறுப்பில் பண்ணை நடைபெற்றது. 1876இல் அங்கு முறையான விவசாயக் கல்வி தொடங்கப்பட்டது.

கற்பித்தல் ஆரம்பித்த அதே ஆண்டில் மாகாணத்தைப் பெரும் பஞ்சம் பற்றியது. 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். தாது வருடப் பஞ்சம் என மக்கள் அதனை நெடுங்காலம் நினைவு கூர்ந்தனர். மக்கள் பசியால் மடிந்தவேளையில் அரசினரின் மாதிரிப் பண்ணை யாருக்குப் பயன்பட்டது என்னும் வினா எழுதல் இயல்பே. 1880இல் வெளிவந்த பஞ்ச ஆணைக்குழுவின் அறிக்கை மாகாணந்தோறும் விவசாயத் திணைக்களம் வேண்டும் என வற்புறுத்தியது. சென்னையில் அத்திணைக்களம் 1882இல் அமைந்தது.

எனினும் சைதாப்பேட்டைப் பண்ணை எதிர்பார்த்த பயனை நல்கவில்லை. குளிர்நாட்டின் கனத்த மண்ணுக்கும் வலிய குதிரைகளுக்கும் ஏற்பச் செய்யப்பட்ட கருவிகள், மணற்பாங்கான நிலத்துக்கும் சிறிய உழவுமாடுகளுக்கும் பொருந்தவில்லை. அவற்றை வாங்கவோ பழுதுபார்க்கவோ சாதாரண உழவனுக்கு வசதியும் இருக்கவில்லை. குறை கருவிகளில் மட்டும் இருந்ததன்று. உழவனுக்குக் கற்பிக்க வேண்டியவை பல, அவனிடமிருந்து கற்க வேண்டியது எதுவுமில்லை என்ற எண்ணமே அடிப்படைக் குறையாகும்.

இவ்வெண்ணத்தை மறுத்தவர் ஓர் ஆங்கிலேயரே என்பது மனங்கொள்ளத்தக்கது. 1889இன் இறுதியில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட வோல்க்கர் என்னும் இரசாயன அறிஞர், ஓராண்டுக்கும் மேலாக நாடெங்கும் பயணஞ் செய்தார். 1893இல் வெளிவந்த அவரது அறிக்கை, இந்திய உழவரிற் சிறந்தோர் பிரித்தானிய உழவருக்குச் சளைத்தவரல்லர் என்று கூறியது. அவர்களது குறை அறிவின்மையன்று, நீரும் எருவும் போதாமையே என்பது அவரது முடிவின் சாரம்.

1906இல் கல்லூரி கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது. ஆளுநர் சேர் ஆதர் லோலி அங்கு அடிக்கல் நாட்டினார். கரிசலும் செம்மண்ணும், நன்செய்யும் புன்செய்யும் அருகருகே அமைந்த அவ்வூர் சோதனைகளுக்கு ஏற்றதாயிற்று. நோக்கிலும் மாற்றம் நிகழ்ந்தது. இயந்திரத்தை முதன்மைப்படுத்திய இடத்தில் விதை முதன்மை பெற்றது. 1912இல் நெல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. உழவர் தலைமுறை தலைமுறையாகப் பேணிய நெல்லினங்கள் சேகரிக்கப்பட்டுத் தனித்தனிப் பாத்திகளில் வளர்க்கப்பட்டன. அவ்வாறு வளர்ந்த உள்ளூர் நெல்லொன்றில் இயல்பாகத் தோன்றிய மாற்றத்தைத் தெரிந்தெடுத்ததன் பயனாக, 1921இல் ஜீ.ஈ.பீ. 24 என்னும் இனம் வெளியிடப்பட்டது. அதன் வழித்தோன்றலே ரீ.கே.எம். 6. பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1969இல் வெளியிட்ட ஐ.ஆர். 20 என்னும் இனத்துக்கு ரீ.கே.எம். 6 ஒரு பெற்றோராயிற்று.

கரும்பின் கதையும் இத்தகையதே. வட இந்தியாவிற் கரும்பு எளிதிற் பூத்து விதை தருவதில்லை; கோயம்புத்தூரின் காலநிலையில் பூக்கும். இக்காரணத்தால் 1912இல் கல்லூரியை அண்டிக் கரும்பு இனப்பெருக்க நிலையம் நிறுவப்பட்டது. பார்பர், வேங்கடராமன் ஆகிய இருவரும் 'வெள்ளை' என்னும் கரும்பினை நாணலையொத்த காட்டுக் கரும்புடன் கலந்து கோ 205 என்னும் இனத்தை உருவாக்கினர். 1918இல் வெளிவந்த அவ்வினம் பஞ்சாப் வயல்களிற் பரவியது. பயனற்றதென ஒதுக்கப்பட்ட காட்டுச் செடி வடநாட்டு உழவனின் வருவாயைப் பெருக்கிற்று. கல்லூரி 1920இல் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது. 1971இல் அதுவே தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது.

இவ்வரலாறு ஈழத்துக்கும் அந்நியமானதன்று. பத்தலகொடையில் உருவாகி 1950களின் பிற்பகுதியில் இலங்கை வயல்களை அடைந்த எச் 4 நெல்லின் ஒரு பெற்றோர், நம் கமக்காரர் அறிந்த முருங்கக்காயன் ஆகும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் 1990இல் கிளிநொச்சியில் தொடங்கப்பட்டது. போர் அதனை யாழ்ப்பாணத்துக்குப் பெயர்த்தது. போர் முடிந்தபின் அது மீண்டும் கிளிநொச்சி மண்ணுக்குத் திரும்பிற்று. நூல்களையும் மேசைகளையும் வண்டியில் ஏற்றிச் செல்லலாம். நிலத்தை ஏற்றிச் செல்லல் இயலாது. ஒரே நிலத்தில் ஆண்டுதோறும் விதைத்து, அளந்து, பதிவு செய்தே ஒரு பண்ணை அறிவைச் சேர்க்கின்றது. அத்தொடர்ச்சி ஒருமுறை அறுந்தால் இழக்கப்படும் ஆண்டுகளை எந்த நிதியாலும் மீட்கவியலாது.

கோயம்புத்தூரில் ஒரு நெல்லினத்தைப் பெறுவதற்கு ஒன்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. அவ்வொன்பது ஆண்டுகளிலும் அந்நிலம் பண்ணையாகவே இருந்தது. பல்கலைக்கழக நிலத்திற் புதிய கட்டடம் எழுப்புவது பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், வெறுமையாகத் தோன்றும் வயலே முதலிற் கண்ணிற் படும். அது வெறுநிலமன்று என்பதை விவசாய மாணவர் மட்டுமன்றி ஏனைய பீடத்தாரும் உணர்தல் வேண்டும்.