ஜினாக்கும் பைனாக்கும்

பைனாக், ஜினாக் என்னும் குறியீட்டு இயற்கணித நூலகத்திலிருந்து 2008இல் கிளைத்த சி++ நூலகம். சேஜ்மேத் (சேஜ்) என்னும் கட்டற்ற கணித மென்பொருளுக்காக உருவாக்கப்பட்டது. கோவைகளைக் கையாளும் முறை இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. எண்களைக் கையாளும் முறையிலேயே அவை முக்கியமாகப் பிரிகின்றன.

மூல நூலகம்

ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஃபைன்மன் வரைபடக் கணக்கீடுகளுக்கான எக்ஸ்லூப்ஸ் திட்டம் மேப்பிள் மென்பொருளை நம்பியிருந்தது. பெரிய நிரல்களை எழுத மேப்பிளின் மொழி போதவில்லை. ஆகவே கிறிஸ்டியான் பவுவர், அலெக்சாண்டர் ஃப்ரிங்க், ரிச்சர்ட் கிரெக்கல் ஆகியோர் 1990களின் இறுதியில் ஜினாக்கை எழுதினர். இதற்கெனத் தனி மொழி கிடையாது. சி++ நிரலுக்குள்ளேயே கோவைகளை எழுதலாம். எண் கணக்கை புருனோ ஹைப்லேயின் சி.எல்.என். நூலகம் கவனிக்கிறது.

கிளைத்த காரணம்

2005இல் வில்லியம் ஸ்டைன் தொடங்கிய சேஜ், குறியீட்டுக் கணக்குகளை மேக்சிமா என்னும் தனி நிரலுக்கு உரைவடிவில் அனுப்பி விடை பெற்றது. சிறு கூட்டலுக்கும் இந்தப் போக்குவரத்து தேவைப்பட்டதால் வேகம் குன்றியது. ஜினாக் விரைவானது, ஆனால் சி.எல்.என். எண்களை மட்டுமே அறியும். சேஜுக்கோ இயற்கணித எண்கள், இடைவெளி எண்கள் எனப் பலவகை எண்கள் கெழுக்களாக வர வேண்டியிருந்தது. ஸ்டைனும் புர்ச்சின் எரோசலும் சி.எல்.என்.ஐ நீக்கி, அவ்விடத்தில் பைத்தான் மொழியின் பொருள்களை வைத்தனர். ஜினாக்கின் பொது உரிமமான ஜி.பி.எல். இத்தகைய மாற்றத்துக்கு இடமளித்தது.

வேறுபாடுகள்

ஜினாக்கில் உறுப்புகள் அச்சாகும் வரிசை ஓட்டத்துக்கு ஓட்டம் மாறக்கூடும். சேஜின் ஆவண எடுத்துக்காட்டுகளே சோதனைகளாகவும் ஓடுவதால் வரிசை நிலையாக இருக்க வேண்டும்; பாடநூல் வழக்கை ஒட்டிய அச்சு வரிசையைப் பைனாக் சேர்த்தது. இந்த வசதிகளுக்கு விலையும் உண்டு: பைனாக் பைத்தானின்றி இயங்காது. ஜினாக்கை எந்த சி++ நிரலிலும் இணைக்கலாம்.

பின்வரலாறு

2009இல் வெளியான சேஜ் 4.0 பைனாக்குக்கு மாறியது. தொகையிடல் போன்ற பணிகள் மேக்சிமாவிடமே தொடர்ந்தன. 2020களின் தொடக்கத்தில் பைனாக்கின் நிரல் சேஜின் மூலநிரலுக்குள்ளேயே இணைக்கப்பட்டு, தனி நூலகம் என்ற நிலை முடிந்தது. ஜினாக் இன்றும் தனித்து வளர்கிறது. துகள் இயற்பியலுக்கு இன்றியமையாத பல்மடக்கைச் சார்புகளின் எண்மதிப்பீடு அதன் குறிப்பிடத்தக்க பங்களிப்பு. ஒரே மூலநிரல் இரு வேறு தேவைகளுக்கு உழைக்க முடிந்தது, கட்டற்ற உரிமத்தின் பயன்.