வரைபடத்தில் பெயரில்லாத அறை

பண்டைய ரோமானிய வீட்டின் வரைபடத்தை வரலாற்று நூல்களில் பார்த்திருப்பீர்கள். வாசலைத் தாண்டினால் ஆட்ரியம் எனும் முற்றம். கூரைத் திறப்பின் வழியே விழும் மழைநீரைத் தாங்க நடுவில் ஒரு தொட்டி. அதன் பின்னே, காலையில் கும்பிட வருவோரை வீட்டுத்தலைவன் பார்க்கும் டாப்ளினம். சாய்ந்துகொண்டு விருந்துண்ண டிரிக்ளினியம். கடைசியில் தூண்கள் சூழ்ந்த தோட்டம். சாமானியருக்குப் பெரிய முற்றம் தேவையில்லை, அவர்கள்தாம் பிறர் வீட்டுக்குக் கும்பிடப் போகிறவர்கள் என்று கட்டடக்கலை நூல் எழுதிய விட்ருவியஸ் கூச்சமின்றிச் சொல்கிறார்.

இத்தனை அறைகளுக்கும் பெயர் உண்டு. அடுப்பு மூட்டியவர், தண்ணீர் சுமந்தவர் எங்கே படுத்தார்? பொம்பெய் நகரின் பல வீடுகளில் சமையற்கட்டு இருண்ட மூலையில், கழிப்பிடத்தை ஒட்டியே இருக்கிறது. புகழ்பெற்ற வெட்டி மாளிகையிலும் அது விருந்தினர் கண்ணில் படாமல் தனிச் சிறுமுற்றத்தின் பக்கம் ஒதுக்கப்பட்டது. அதன் உரிமையாளர்கள் விடுதலை பெற்ற முன்னாள் அடிமைகள் என்றே கருதப்படுகிறது. இது நாம் யோசிக்க வேண்டிய செய்தி.

அடிமைமுறையையும் தீண்டாமையையும் ஒப்பிட்டு எழுதிய அண்ணல் அம்பேத்கர், ரோமானிய அடிமைகளில் ஆசிரியர்களும் மருத்துவர்களும் இருந்ததைச் சுட்டிக்காட்டினார். அங்கே அடிமை சமைத்ததை எஜமான் உண்டான். இங்கே நம்மவர் நிழலே தீட்டு. அதற்காக ரோமானிய வீட்டைக் கருணை இல்லமாக எண்ண வேண்டியதில்லை.

பொம்பெய் மதிலுக்கு வெளியே சிவிட்டா ஜூலியானாவில் ஒரு பண்ணை மாளிகை. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை மூடிய அதன் ஓர் அறை 2021இல் வெளிவந்தது. மட்கிப்போன மரக்கட்டில்கள் சாம்பலில் விட்ட வெற்றிடத்தில் சாந்து ஊற்றி அவற்றின் வடிவத்தை மீட்டார்கள். 16 சதுர மீட்டர். உயரத்தில் ஒரே ஒரு சிறு சாளரம். மூன்று கட்டில்கள். இரண்டின் நீளம் 1.7 மீட்டர், மூன்றாவது 1.4 மீட்டர்தான். அதில் குழந்தை படுத்திருக்கலாம். மூலைகளில் எஜமானின் சாடிகள், பெட்டியில் குதிரைச் சேணத்தின் பகுதிகள். ஆக, ஆட்கள் படுத்தது சாமான் வைக்கும் இடத்தில்.

2023இல் அதே மாளிகையில் இன்னொரு அறை கிடைத்தது. பூட்டு, சங்கிலி எதுவும் தென்படவில்லை. இரண்டு கட்டில்களில் ஒன்றுக்கு மட்டும் மெத்தை இருந்திருக்கிறது.