காலித் துறையும் மூழ்கிய கலங்களும்

ஈழநாட்டின் வரலாற்றைக் கற்பிக்கும் நூல்கள் பெரும்பாலும் நிலத்தையே பேசுவன. அரசர் பெயர், தலைநகர், குளம், போர் என்னும் இவற்றோடு அவை அமைந்துவிடுகின்றன. நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவொன்றின் வரலாற்றிலே கடலானது வெறும் எல்லைக்கோடாக நின்றுவிடுவது வியப்பன்றோ? இக்குறையை உணர்ந்தே கீழ்வகுப்பு மாணவர் சிலரைக் காலிக் கோட்டையிலுள்ள கடல்சார் நூதனசாலைக்கு அழைத்துச் சென்றேன். அங்கே ஒரு சிறுவன் கேட்ட வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியார் தம் பண்டங்களைச் சேமித்து வைத்த பழைய பண்டகசாலையிலே, 1992ஆம் ஆண்டில் அந்நூதனசாலை திறக்கப்பட்டது. பண்டகசாலையின் ஊடே செல்லும் கோட்டையின் பழைய வாயிலில், உட்புறத்தே 1669 என்னும் ஆண்டும், இரு சிங்கங்களுக்கிடையே கம்பனியின் இலச்சினையும், அதன்மேல் ஒரு சேவலும் செதுக்கப்பட்டுள்ளன. வெளிப்புறத்திலோ ஆங்கில அரசின் சின்னம் காணப்படுகின்றது. சேவலைக் கண்டதும், முருகன் கொடி இங்கு எவ்வாறு வந்தது என்று பிள்ளைகள் நகைத்தனர். காலி என்னும் பெயர் இலத்தீன் மொழியிலே சேவலைக் குறிக்குஞ் சொல்லோடு ஒலியால் ஒத்திருந்தமையால் ஐரோப்பியர் அதனை அடையாளமாகக் கொண்டனர் என்பர். 1640இல் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தரும், 1796இல் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயரும் இக்கோட்டையைக் கைக்கொண்ட கதையை அவ்வாயிலின் இரு முகங்களுமே சொல்லிவிடுகின்றன. நூலிற் படித்து மறந்த ஆண்டுகளைப் பிள்ளைகள் அச்சேவலின் துணையால் நினைவில் வைத்துக்கொண்டனர்.

காலி நல்ல துறை. ஆயினும் இடையூறு மிக்க துறை. அதன் குடா தெற்கு நோக்கித் திறந்து கிடத்தலின், யாழ்ப்பாணத்தார் சோழகம் என்று வழங்கும் தென்மேல் காற்று வீசுங்காலத்தே அலைகள் நேரே உட்புகும். நீருக்குள் மறைந்த பாறைகளும் பல. கொழும்பிலே அலைதாங்கிச் சுவர் 1885இல் நிறைவெய்தியபின் கப்பல்கள் அங்குச் செல்லத் தொடங்கியமைக்கு இதுவே தலையாய காரணம். பாதுகாப்பற்ற துறையாதலாற்றான் காலிக் குடாவின் அடியில் இத்துணைக் கலங்கள் கிடக்கின்றன. மாலுமிக்குக் கேடாய் முடிந்தது வரலாற்று மாணவனுக்கு ஆக்கமாயிற்று.

அவற்றுள் பெரிதும் ஆராயப்பட்டது ‘அவொண்ட்ஸ்ரர்’ என்னும் ஒல்லாந்தக் கப்பல். அப்பெயருக்கு அந்திவெள்ளி என்பது பொருள். அது முதலில் ஆங்கிலேயருக்கு உரியதாயிருந்து, பின்னர் ஒல்லாந்தராற் கைப்பற்றப்பட்டுப் பெயர் மாற்றம் பெற்றது. யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமானதற்கு மறு ஆண்டாகிய 1659இன் நடுப்பகுதியில், தென்னிந்தியாவுக்குச் செல்லவேண்டிய பாக்கினை ஏற்றிக்கொண்டு காலித் துறையில் நின்றபோது, நங்கூரம் பிடிவிட்டுக் கரையருகே மோதி அழிந்தது. பாக்கு என்றதும் ஒரு மாணவி, “இவ்வளவு பெரிய கப்பலிற் பாக்கா?” என்று வினவினாள். கறுவாவையும் யானையையும் மட்டுமே இலங்கையின் ஏற்றுமதியாக நாம் சொல்லிக்கொடுத்ததன் பயன் அது. தமிழ்நாட்டுக் கரைக்கு ஈழத்துப் பாக்குச் செல்வதும், அங்கிருந்து அரிசியும் துணியும் வருவதும் ஐரோப்பியர் வருகைக்கு முன்னரே நிலைபெற்றிருந்தன. ஒல்லாந்தர் அப்பழைய வாணிகத்திலே தாமும் புகுந்தனர். அதனைத் தாமே படைத்தவரல்லர்.

இனி அவ்வினாவுக்கு வருவோம். கடலடியிலிருந்து எடுத்த பொருள்களைப்பற்றிக் கூறிக்கொண்டிருக்கையில், இதுவரை வாய்திறவாத ஒரு சிறுவன், “ஐயா, மூழ்கின கப்பலிலுள்ள சாமான் யாருக்குச் சொந்தம்?” என்று கேட்டான். கப்பலோ ஆங்கிலேயர் கட்டியது, உடையவர் ஒல்லாந்தர், சரக்கோ இந்நாட்டு மரத்திற் காய்த்தது, கிடந்ததும் இந்நாட்டுக் கடல். உடனே விடை கூற எனக்கு இயலவில்லை.

ஆயினும் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் இதே வினாவுக்கு ஓர் அரசன் விடை கூறியுள்ளான். அவ்விடை நம் மொழியிலேயே உள்ளது. 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்ச் சாசனமொன்று நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் இருக்கின்றது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு, அதாவது ஊர்காவற்றுறைக்கு, வந்து தங்குதல் வேண்டும் என்றும், அவர்கள் காக்கப்படல் வேண்டும் என்றும் அது விதிக்கின்றது. யானையுங் குதிரையும் கொண்டுவரும் மரக்கலங்கள் உடைந்தால் நாலிலொரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. ஏனைய சரக்குக் கொண்டுவரும் கலங்கள் உடைந்தாலோ இருவர்க்குஞ் செம்பாதி. இவ்வேற்றுமை எதனாற் பிறந்தது? படைக்கு வேண்டிய விலங்குகளைக் கொணரும் வணிகன் நட்டத்துக்கஞ்சி வாராதொழிதல் அரசனுக்குப் பெருங்கேடு. ஆதலால் அவனுக்குச் சலுகை மிகுந்தது என்றே கருதுகின்றேன். ஊர்காவற்றுறையிலிருந்து வள்ளமேறி அக்கோயிலுக்குப் பன்முறை சென்ற பிள்ளைகள் எம்மோடு வந்திருந்தனர். அவருள் ஒருவரேனும் அக்கல்லைப்பற்றிக் கேள்வியுற்றிலர். அது பிள்ளைகளின் குற்றமன்று.

அவொண்ட்ஸ்ரரின் கதை 1659உடன் முடியவில்லை. நீரினடியில் நெடுங்காலங் கிடந்த மரத்தைக் கரைக்குக் கொணர்ந்து உலரவிட்டால் சுருங்கி வெடிக்கும். ஆதலால் முதலில் நன்னீரிலிட்டு உப்பை நீக்கி, பின்னர் மெழுகுபோன்ற இரசாயனப் பொருளை ஊறச்செய்து பேணுவர். இவ்வாறு பொறுமையோடு பேணப்பட்டுவந்த பொருள்களுட் பலவற்றை 2004 டிசம்பர் 26ஆந் தேதிக் கடல்கோள் வாரிச்சென்றது. கரையோரத்திருந்த ஆய்வுக்கூடமும் அழிந்தது. நூதனசாலையுஞ் சேதமுற்றுப் பின்னர் திருத்தப்பட்டது. மூன்றரை நூற்றாண்டு கழித்து மீட்டதைக் கடல் மீண்டும் எடுத்துக்கொண்டது என்று கூறியபோது பிள்ளைகள் வாளாவிருந்தனர்.

திரும்பும் வழியிற் கொழும்பு நூதனசாலையில் நின்றோம். காலியில் 1911ஆம் ஆண்டிலே மதகொன்றை மூடிய கல்லாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்ட மும்மொழிச் சாசனம் அங்குள்ளது. சீனக் கப்பற்படைத் தலைவன் செங் ஹோ கொணர்ந்த அக்கல்லிலே 1409ஆம் ஆண்டுக்குரிய வாசகம் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மொழிகளிற் பொறிக்கப்பட்டுள்ளது. சீன வாசகம் புத்தருக்கும், தமிழ் வாசகம் தெனவரை நாயனாராகிய திருமாலுக்கும், பாரசீக வாசகம் இசுலாமிய நெறிக்கும் காணிக்கை கூறுகின்றன. பொன் 1000, வெள்ளி 5000, பட்டு, எண்ணெய் என வழங்கிய பொருள்கள் மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றே. சீனநாட்டிற் செதுக்கிய கல்லில் தமிழ் இடம்பெற்றமை, அக்காலக் கடல் வாணிகத்தில் தமிழ் பெற்றிருந்த நிலையைக் காட்டும். எனினும் அக்கப்பற்படை காணிக்கையோடு மட்டும் வந்ததன்று. 1411 அளவில் இந்நாட்டுத் தலைவன் ஒருவனைச் சிறைபிடித்துச் சீனத்துக்குக் கொண்டுசென்றதும் அதுவே. இதனையும் பிள்ளைகளுக்கு மறைத்திலேன்.

காலியில் வினவிய அச்சிறுவன் கல்லின்முன் நெடுநேரம் நின்றான். தேய்ந்த வரிகளிடையே ஒரு ‘ந’கரத்தைக் கண்டுபிடித்து மற்றவரை அழைத்துக் காட்டினான். பின்னர், தெனவரைக் கோயிலை இன்று சென்று பார்க்கலாமா என்று கேட்டான். 1588இல் போர்த்துக்கேயர் அதனை இடித்தழித்தனர் என்று சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்து, “அப்ப நயினாதீவுக் கல்லு இன்னும் இருக்குதா, ஐயா?” என்றான். இருக்கின்றது என்றேன். வருகின்ற விடுமுறையில் அங்குச் செல்வதற்கு இப்பொழுதே பதினொரு பெயர் பதிவாகியுள்ளன.