மரக்காணத்து உப்பும் மலைநாட்டு வாழ்வும்

குறிஞ்சிநில மக்களின் பண்டைய வாழ்வை ஆராய்வோர் தினைப்புனம், தேன், கிழங்கு, வேட்டை ஆகியவற்றை எடுத்துக்காட்டி, அம்மக்கள் தமக்கு வேண்டுவன யாவும் தம் மலையிலேயே பெற்றனர் என முடிபு கூறுதல் வழக்கமாக உளது. யாம் இதனை உடன்படுதற்கில்லை. மலையில் விளையாத பொருள் ஒன்று உண்டு, அஃது உப்பு. நானிலப் பாகுபாட்டை நூல்வழிக் கற்ற நாம், நெய்தலையும் குறிஞ்சியையும் நாள்தோறும் பிணித்துநின்ற இவ்வொரு பொருளை மறந்துவிட்டோம்.

நடுநாட்டை எடுத்துக்கொள்வோம். அதன் கீழ்க்கோடியில் மரக்காணத்து உப்பளங்கள் உள்ளன. சிறுபாணாற்றுப்படை போற்றும் நல்லியக்கோடனின் எயிற்பட்டினம் இக்கரையைச் சார்ந்ததே என்பர் அறிஞர். அவனுடைய கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி. மேற்கே மலைபடுகடாம் பாடும் நன்னனது செங்கண்மா இன்றைய செங்கம். அவனது நவிரம் பர்வதமலை. மரக்காணத்திலிருந்து திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை வழியாகச் செங்கம் ஏறத்தாழ 135 கிலோமீட்டர். பத்துப்பாட்டின் இரு பாட்டுகள் ஒரே நெடுவழியின் இரு முனைகளையும் நமக்குக் காட்டுகின்றன.

மலைபடுகடாத்தில் கூத்தர்க்கு மலைவாணர் அளிக்கும் உணவு யாது? தினைச்சோறும், நெய்யில் வெந்த ஊனும், மூங்கிலரிசியும் அவரையும் கலந்து ஆக்கிய புளிங்கூழும் ஆகும். தினையும் புளியும் ஊனும் மலை தந்தவை. இவற்றை உண்ணத்தக்கதாக்கும் உப்போ கடல் தந்தது. மரக்காணத்து உப்பு நவிரத்துக் குடிலை எட்டியது என்பது யாம் வழியும் தொலைவும் நோக்கித் துணிந்ததேயன்றிப் பாட்டு வெளிப்படக் கூறுவதன்று. எனினும், கழியுப்பை முகந்து மலைநாட்டிற்குக் கொண்டுசெல்லும் வண்டியையும், அது புதையுமிடத்து ஈர்த்தேற்றும் வலிய பகட்டையும் புறநானூற்று அறுபதாம் பாட்டு உவமையாகக் கூறுதலின், உப்பு மலையேறியதில் ஐயமில்லை.

அதனை ஏற்றிச் சென்றோர் உமணர். இவர்களைப் பெரும்பாணாற்றுப்படை போல விரித்துரைத்த நூல் பிறிதில்லை. வண்டியின் முன்புறத்தே காடிக்கலம் தொங்கும். கைக்குழந்தையுடைய மகள் எருதுகளை ஓட்டுவாள். வேப்பந்தழைக் கண்ணி சூடிய ஆடவர் உடன் நடப்பர். இது வணிகச் செலவு மட்டுமன்று, குடும்பமே பெயர்ந்து செல்லும் வாழ்க்கை. பள்ளத்தில் இறங்குமோ மேட்டில் ஏறுமோ என அறியாத வழியாதலின், வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றையும் கட்டிக்கொண்டனர் என்பது ஔவையார் பாடிய புறப்பாட்டால் (102) விளங்கும். பாரவண்டி நாளொன்றுக்கு இருபது கிலோமீட்டர் செல்லும் எனக் கொண்டால், மரக்காணத்திலிருந்து செங்கத்தை அடைய ஏழு நாளாகும். அதற்கு மேல் மலைப்பாதை.

உப்பளத்தின் பருவமும் இவ்விடத்து நோக்கத்தக்கது. பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்தி, உவர்நீரைப் பாய்ச்சி, வெயிலில் வற்றவிட்டு வாருவது உப்பு. வடகிழக்குப் பருவமழை தொடங்கின் வேலை நின்றுவிடும். ஆதலின், மலைவாணர் கோடையிலேயே மழைக்காலத்து உப்பைச் சேமித்தல் வேண்டும். நெல்லுக்கு நேராக உப்பை விற்றமையை அகநானூறு (140) கூறும். தேனும் கிழங்கும் கொடுத்து மீனெய் கொண்டமையைப் பொருநராற்றுப்படை கூறும். மலையில் உப்பின் விலை தினையும் தேனுமாகவே இருந்திருத்தல் கூடும்.

பிற்காலத்தே இத்தொழிலை எருதும் கழுதையும் கொண்டு நடத்தியோருள் உப்புக் குறவர் எனப்பட்டோர் குறிப்பிடத்தக்கவர். குறிஞ்சிக்குரிய பெயர் பூண்டோரே நெய்தற்பொருளைச் சுமந்தமை வியப்பிற்குரியது. சென்னை மாகாணத்தில் 1805-இல் கும்பினியார் உப்பைத் தம் தனியுரிமையாக்கினர். பின்னர் வந்த இருப்புப்பாதை பொதிமாட்டின் வேலையைப் பறித்தது. மரக்காணத்தில் முடியும் பக்கிங்காம் கால்வாயிலோ உப்பு படகேறிச் சென்னைக்குச் சென்றது. பிழைப்பிழந்து அலைந்த குறவர்மீது, 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே, குற்றப்பரம்பரை என்னும் பழி சுமத்தப்பட்டது. ஊர் ஊராகச் செல்லுதலே குற்றத்திற்கு அடையாளமாகக் கொள்ளப்பட்டது. சங்கச் சான்றோர் பாராட்டிய அதே செலவு! அச்சட்டம் 1952-இல் நாடு முழுவதும் நீக்கப்பட்டது. உப்புவரி அதற்கு ஐந்தாண்டு முன்னரே, 1947-இல், ஒழிந்திருந்தது.

மரக்காணத்தில் இன்றும் உப்பு விளைகின்றது. அது சுமையுந்தில் ஏறிச் செல்கின்றது.