கடற்கரை நகராம் நாகைக் காரோணம்



கடற்கரையில் அமைந்த ஊர்களுக்குத் தனிப்பட்டதோர் அழகு உண்டு. உள்நாட்டு ஊரில் ஒரு வீதி முடியுமிடத்தில் மற்றொரு வீதி தொடங்கும்; கடற்கரை ஊரிலோ வீதி முடியுமிடத்தில் நீரும் வானும் தொடங்கும். கோடைப் பகலின் வெம்மையைக் கிழக்கினின்று வீசும் கொண்டற்காற்று தணிக்கும். நள்ளிரவில் ஊர் உறங்கினும் அலை உறங்காது. இவ்வின்பங்களை நாடியே பலர் அத்தகைய ஊர்களுக்குச் சென்று வருகின்றனர். ஆயினும் காட்சியின்பம் இரண்டொரு நாளில் நிறைந்துவிடும். அங்கேயே குடியிருந்து வாழ்தற்கு வேறொன்று வேண்டும். ஏனெனில் கடல் கொடுக்கும். கொடுத்த கையாலேயே எடுத்துக்கொள்ளவும் செய்யும். அதன் கரையிலே தலைமுறை தலைமுறையாக வாழும் மக்கள் எதனைப் பற்றுக்கோடாகக் கொண்டு நிற்கின்றனர் என்பதே இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள். இதற்குத் தக்க சான்றாக நிற்பது திருநாகைக் காரோணம் எனப் பெறும் நாகப்பட்டினம்.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்களே வாழும் சிறிய நகரம் அது. அதன் நடுவே காயாரோகணேசுவரர் நீலாயதாட்சி அம்மையோடு எழுந்தருளியிருக்கின்றார். காயம் என்பது உடம்பு. ஆரோகணம் என்பது மேலேறுதல். புண்டரீக முனிவரை உடம்போடு ஏற்று ஆட்கொண்டமையால் இப்பெயர் அமைந்தது என்பது தலபுராணம். ஞானசம்பந்தப் பெருமான் இரண்டு, அப்பரடிகள் நான்கு, சுந்தரமூர்த்தி சுவாமிகள் ஒன்று என ஏழு திருப்பதிகங்கள் இத்தலத்திற்கு உள்ளன. அவற்றுள் சுந்தரர் பதிகத்தைப் பயின்றோர் ஒன்றைக் கண்டிருப்பர். பொன்னும் பட்டும் கத்தூரியும் சாந்தமும் விரைந்தோடும் குதிரையும் வேண்டும் என்று தோழமை உரிமையோடு சுவாமிகள் இறைவனைக் கேட்கின்றார். மலைமேல் உறையும் இறைவனிடமோ காட்டிடை உறையும் இறைவனிடமோ கேட்கும் பொருள்களா இவை? கலங்கள் வந்து பொருள் இறக்கும் துறையின் தலைவனாதலால் இவரிடம் இல்லாத பொருள் இல்லை என்பது சுவாமிகளின் திருவுள்ளம் போலும் என்று யாம் எண்ணி மகிழ்வதுண்டு.

சப்தவிடங்கத் தலங்கள் ஏழனுள் நாகையும் ஒன்று. இங்குள்ள தியாகேசர்க்குச் சுந்தரவிடங்கர் என்பது திருநாமம். அவர் ஆடும் நடனம் பாராவார தரங்க நடனம். பாராவாரம் கடல், தரங்கம் அலை. கடலலைபோல் எழுந்தும் தாழ்ந்தும் அசைந்தாடும் ஆடல் அது. கரையிலே நின்று அலையைக் காண்போர், இறைவன் ஆடலைக் காண்போராகவே ஆகின்றனர். இவ்வூரில் கடற்கரைக்குப் போவதும் கோயிலுக்குப் போவதும் வெவ்வேறு செயல்கள் அல்ல என்று முன்னோர் கருதினர் என்பது இதனால் விளங்கும்.

இனி, வரலாற்றைச் சிறிது நோக்குவோம். யானையும் குதிரையும் மணியும் துகிலும் கலங்களிலிருந்து இறங்கும் செல்வத்தால் அந்நகரமே ஒரு கடல்போல் விளங்கிற்று என்று சேக்கிழார் பெருமான் பாடுகின்றார். அது புலவர் மிகைக்கூற்று அன்று என்பதற்குச் செப்பேடும் கல்லும் சான்றுகளாகும். முதலாம் இராசராசன் காலத்தில் கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு மன்னன், தன் தந்தை பெயரால் சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளியை நாகையில் எடுப்பித்தான். சிவபாத சேகரன் எனப் பெயர் பூண்ட சோழவேந்தன், அப்பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அளித்தான். அக்கொடையை அவன் மைந்தன் இராசேந்திரன் செப்பேட்டில் பொறிப்பித்தான். 21 ஏடுகள் கொண்ட அச்செப்பேடு பிற்காலத்தில் கப்பலேறி ஒல்லாந்து நாட்டு லெய்டன் நகரை அடைந்தமையால் லெய்டன் செப்பேடு எனப் பெயர் பெற்றது.

இதற்கு மறுதலையாக நிகழ்ந்தது இதனினும் இனியது. அந்த ஸ்ரீவிஜய மன்னனின் முகவர்கள் காயாரோகணப் பெருமானுக்கு அணிகலன்களும் விளக்குகளும் சீனக் கனகம் எனப்பெற்ற பொன்னும் வழங்கிய செய்தியை, இராசேந்திரன் காலக் கல்வெட்டுகள் அத்திருக்கோயிலிலேயே உரைக்கின்றன. சைவ வேந்தன் பௌத்தப் பள்ளிக்குக் கொடுத்தான். பௌத்த மன்னன் சிவபெருமானுக்குக் கொடுத்தான். துறைமுக நகரத்தின் பண்பு இதுவே. ஆயின் 1025ஆம் ஆண்டளவில் அதே இராசேந்திரனின் கடற்படை அந்நாட்டின்மேல் சென்றது. நட்பு பகையாயிற்று. கல்வெட்டிலோ கொடை கொடையாகவே நிற்கின்றது.

பின்னர் வந்தவற்றை விரிக்க வேண்டுவதில்லை. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வந்தனர். 1658இல் ஒல்லாந்தர் அவர்களை நீக்கினர். 1690இல் பழவேற்காட்டிலிருந்து தம் தலைமையிடத்தையே இங்கு மாற்றினர். 1781இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். 1799 முதல் 1845 வரை தஞ்சை மாவட்டத்தின் தலைநகராக நாகை விளங்கிற்று. 1861இல் தஞ்சைக்கு இருப்புப்பாதை இயங்கிற்று. இருபதாம் நூற்றாண்டில் ரஜூலா என்னும் கப்பல் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் செல்வோரை இங்கிருந்து ஏற்றிச் சென்றது. கப்பல் ஆழ்கடலில் நிற்க, பயணியர் படகிலேறிச் சென்று சேர்வர் என்றும், கரையில் நின்றோர் கப்பலின் புகை மறையும்வரை போகமாட்டார் என்றும் பெரியோர் சொல்ல யாம் கேட்டிருக்கின்றோம். அக்கப்பலும் 1970களின் தொடக்கத்தோடு நின்றது. 2023 அக்டோபர் 14ஆம் நாள் நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணியர் கப்பல் தொடங்கப்பெற்றபோது, பழைய துறை மீண்டும் கண் விழித்தது எனப் பலரும் மகிழ்ந்தனர்.

இவ்வாறு வருவோரும் போவோருமாக வாழ்ந்த ஊர்க்கு விருந்தோம்பல் இயல்பாகவே அமைந்துவிடும். காத்தான் என்பவர் நாகையில் சத்திரம் நடத்தினார் என்பதும், பசியோடு வந்த காளமேகப் புலவர் உணவு தாமதித்தமையால் வசைபாடி, பின் உபசாரங்கண்டு அப்பாட்டையே வாழ்த்தாகப் பொருள் கொள்ளவைத்தார் என்பதும் செவிவழிக் கதை. வடக்கே நாகூர் தர்காவின் மிக உயர்ந்த மினாரைத் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங்கர் கட்டுவித்தார். தெற்கே வேளாங்கண்ணி மாதா கோயில். மூவர் வழிபாட்டு ஒலியையும் ஒரே காற்று சுமந்து செல்கின்றது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் திருநாகைக் காரோணப் புராணம் பாடினார்கள். அவர்கள் மறைந்த அதே 1876ஆம் ஆண்டில் மறைமலையடிகள் இவ்வூரில் தோன்றினார்கள். மாலையில் நீலாயதாட்சி அம்மையைத் தொழுது, கிழக்கே நடந்து கடல் முன் அமர்ந்திருப்போர்க்கு இவையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவில் எழும்.

அன்பர்களே, கடல் கொடுத்தவற்றையே இதுகாறும் கூறினோம். அது எடுத்ததையும் கூறாதொழியின் உண்மை நிறையாது. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள், மார்கழி முழுமதி நாளன்று காலை, ஆழிப்பேரலை ஊருக்குள் புகுந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், நம்பியார் நகர் முதலிய மீனவர் ஊர்களில் துயர் புகாத தெரு இல்லை.

அதற்குச் சில ஆண்டுகளின் பின், அப்பகுதியில் ஒரு விழாவில் அதிபத்த நாயனார் வரலாற்றை உரைக்க யாம் அழைக்கப்பெற்றோம். நாயனார் நாகையின் நுளைப்பாடியில் தோன்றிய பரதவர் தலைவர் என்பதை அறிவீர்கள். மேடையேறியபோது எம் நா எழவில்லை. மக்களைக் கடலுக்குப் பறிகொடுத்தோர் எதிரே அமர்ந்திருக்க, கடலைக் கொண்டே இறைவன் அடியாரைச் சோதித்தான் என்று எவ்வாறு கூறுவது? நாயனார் வறுமையுற்ற பகுதியை இரண்டே வாக்கியங்களில் கடந்து, பொன்மீன் கிடைத்ததையும் விடைமேல் இறைவன் தோன்றியதையும் விரித்து முடித்தோம்.

விழா முடிந்து திருநீறு பெறுகையில் முதியவர் ஒருவர் அருகே வந்தார். “ஐயா, பட்டினி கிடந்த இடத்தை ஏன் ஓட்டிவிட்டீர்கள்?” என்று வினவினார். யாம் விடை கூறாது நின்றோம். “பொன்மீன் எங்களுக்கு வந்ததில்லை, ஐயா. பட்டினி வந்திருக்கிறது. இழப்பும் வந்திருக்கிறது. அந்த நாளில் அவர் எப்படி நின்றார் என்று கேட்கத்தானே வந்தோம்” என்றார். கற்ற நூல்கள் எமக்கு உணர்த்தாததை அம்முதியவர் ஒரு நொடியில் உணர்த்தினார். இரக்கம் என்று எண்ணி யாம் செய்தது, அவர்க்குரிய ஆறுதலைப் பறித்த பிழையாய் முடிந்தது.

ஆதலின் அன்று விட்டதை இன்று விரித்துரைப்போம். நாயனார் வலையிற்பட்ட மீன்களுள் நல்ல மீன் ஒன்றைச் சிவபெருமானுக்கென்று நாள்தோறும் கடலில் விடுவார். மீன் மலிந்த காலத்தில் அது எளிது. பின் ஒரு காலம் வந்தது. நாள் முழுதும் வலை வீசியும் ஒரே மீன் அகப்பட்டது. அந்த ஒன்றே சுற்றத்தாருக்கு உணவு. அந்த ஒன்றே இறைவனுக்கு உரியது. அதனை இறைவனுக்கே விட்டார். மறுநாளும் ஒன்று, அதுவும் இறைவனுக்கே. நாள்கள் இவ்வாறே கழிந்தன. செல்வம் சுருங்கிற்று, சுற்றம் பசித்தது, அவர் திருமேனி தளர்ந்தது. கடலை அவர் வெறுத்தாரில்லை; இறைவனை நொந்தாரில்லை; மறுநாட் காலையில் வலையை எடுத்துச் செல்லவும் தவறினாரில்லை. பிற்பாடு ஒருநாள் மணிகள் பதித்த பொன்மீன் அகப்பட, அதனையும் பிறவற்றைப் போலவே கடலில் விட்டார். பசித்த நாளில் மீனைக் கொடுத்தவர்க்குப் பொன்னைக் கொடுப்பது அரிதாயிருக்குமா? ஆகவே நாயனாரின் பெருமை பொன்மீன் நாளில் இல்லை. அதற்கு முந்திய நாள்களில் இருக்கின்றது.

ஆண்டுதோறும் ஆவணித் திங்களில் நாகைக் கடற்கரையில் இவ்வரலாறு விழாவாக நடைபெறுகின்றது. பெருமான் கடற்கரைக்கு எழுந்தருளுகின்றார். மீனவர் பெருமக்கள் படகேறிக் கடலுள் சென்று பொன்மீனை இறைவனுக்கு அர்ப்பணிக்கின்றனர். தம் மக்களைக் கொண்ட அதே கடலுக்குள் சென்று அவர்கள் கொடுக்கின்றனர் என்பதை எண்ணிப் பார்மின்! மன்னர் கொடுத்த சீனப் பொன்னினும் அக்கைகள் கொடுக்கும் மீன் எடை மிக்கது என்றே யாம் கருதுகின்றோம்.

நாகைக்குச் செல்லும் அன்பர்கள் காற்று வாங்குக, அலையைக் காண்க, சுந்தரவிடங்கரையும் நீலாயதாட்சி அம்மையையும் தொழுக. அதனோடு, அதிபத்தர் சந்ததியார் வாழும் தெருவழியே ஒருமுறை நடந்து, அவர்களோடு இரண்டு சொல் பேசி வருக. கிடைத்ததில் இறைவனுக்குரியதை முதலில் வைத்துவிட்டு மறுநாளும் வலையெடுக்கும் உறுதியே அவ்வூரின் பற்றுக்கோடு. அவ்வுறுதி நமக்கும் வாய்க்கக் காயாரோகணப் பெருமான் திருவருள் துணைநிற்பதாக!

திருச்சிற்றம்பலம்.