சதாசிவத்தின்ர 41.83

கொடிகாமத்தில முரளியின்ர 800 விக்கெட் சின்னப் பெடியளுக்கும் தெரியும். மகாதேவ சதாசிவத்தின்ர கணக்கைக் கேட்டா முழிப்பினம். முதல்தரப் போட்டி 11, ஓட்டம் 753, சராசரி 41.83. அதில 215 ஓட்டம் 1947இல் சேப்பாக்கத்தில் ஒரே இன்னிங்ஸில் அடிச்சது. அதைக் கழிச்சா சராசரி 32ஐத் தொடாது.

அப்ப சாதாரண ஆளா? இல்லை, கணக்குத்தான் போதாது. கழக ஆட்டங்கள் இதில சேராது. இலங்கைக்கு டெஸ்ட் தகுதி கிடைச்சது 1981இல். அவர் 1977இலேயே காலமாகிட்டார். 1948இல் பிராட்மன்ர அணிக்கு எதிரா அவர் தலைமை தாங்கின கொழும்பு ஆட்டத்தில ஆடுகளமே 22 யார் இல்லை, 20!

கோல்ஃபில 2011இலிருந்து பிஜிஏ டூர், அதே தூரத்திலிருந்து மற்ற ஆக்கள் சராசரியா எத்தனை அடி எடுப்பினம் எண்டதோட ஒப்பிட்டுத்தான் புட்டிங்கை அளக்குது. சதாசிவத்துக்கும் அதுதான் நியாயம்: அதே நாள், அதே ஆடுகளத்தில மற்றத் துடுப்பாட்டக்காரர் எவ்வளவு எடுத்தினம்? 11 போட்டிதானே, பழைய ஸ்கோர் அட்டைகளை வச்சு ஒரு பின்னேரத்தில போட்டுப் பாக்கலாம்.