பென்ட்ரைவுக்கு முந்தின காலம்: எங்கட வேன்கள் பாட்டுக் கேட்ட வரலாறு

மாமாவின் டொல்பின் வேனுக்குப் புது செற் பூட்டிய அன்று பின்னேரம், என்னுடைய பென்ட்ரைவைக் கொண்டுபோய்ச் செருகினேன். செற் கொஞ்ச நேரம் யோசித்தது. மறுகா வாசிக்க ஏலாது என்ற மாதிரி ஒரு வரியைக் காட்டிவிட்டு றேடியோவுக்குப் போய்விட்டது. அடுத்த நாள் விடியக் கதிர்காமத்துக்கு ஹயர். வேன் நிறைய ஆக்கள், பாட்டில்லாமல் போக முடியாது. அவசர அவசரமாக லப்டொப்பில் போட்டுப் பென்ட்ரைவை ஃபோர்மற் பண்ணி, இருந்த பாட்டெல்லாம் அள்ளி நிரப்பினேன். இந்த முறை செற் வாசித்தது. எல்லாருக்கும் சந்தோசம்.

சியம்பலாண்டுவ தாண்டும்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அந்தப் பென்ட்ரைவுக்குள் அம்மப்பாவின் குரல் இருந்தது.

அம்மப்பா படுவான்கரையில் கூத்து அண்ணாவியாராக இருந்தவர். 80களில் ஒரு வடமோடிக் கூத்தின் சதங்கை அணி விழாவில் யாரோ ரேப்பில் பதிந்த கசற் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அதை ஒருமுறை கணினிக்கு மாற்றி, அங்கிருந்து பென்ட்ரைவுக்கு 'மாற்றி' வைத்திருந்தேன். பிரதி எடுக்கவில்லை, வெட்டி ஒட்டினேன். லப்டொப்பில் இடம் இல்லை எண்டு.

அந்த செற் ஏன் என் பென்ட்ரைவை வாசிக்கவில்லை? இதைத் தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது. வாகனத்தில் பாட்டுக் கேட்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது கண்டுபிடித்த ஆக்களின் வரலாறு மட்டும் இல்லை. வேறெங்கோ, வேறு ஆக்களுக்காகச் செய்த சாமானை வயரை உரித்து எங்களுக்குப் பொருத்தின ஆக்களின் வரலாறும்தான்.

கசற் வந்த வழி

அமெரிக்காவில் 1930இலேயே மோட்டரோலா என்ற பெயரில் காருக்கான றேடியோ விற்பனைக்கு வந்துவிட்டது. ஆனால் றேடியோவில் நிலையம் போடுவதைத்தான் கேட்கலாம். எனக்குப் பிடித்ததை என் காரில் கேட்க வேண்டுமென்றால்? 1956இல் கிறைஸ்லர் கொம்பனி காருக்குள் இசைத்தட்டுச் சுழற்றும் பெட்டியையே பூட்டிப் பார்த்தது. அது நிலைக்கவில்லை. உண்மையான விடை 1963இல் பேர்ளின் வானொலிக் கண்காட்சியில் வந்தது. பிலிப்ஸ் கொம்பனியின் லூ ஒட்டன்ஸும் அவருடைய குழுவும் செய்த சின்னக் கசற். சட்டைப் பைக்குள் அடங்கும், குலுங்கினாலும் ஊசி துள்ளாது. 1968இல் அதே பிலிப்ஸ் காருக்கான கசற் செற்றையும் விட்டது.

எங்கள் பக்கத்துக்கு இது பரவலாக வந்தது 1977க்குப் பிறகு. அந்த வருசம் நாட்டின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது, ஜப்பான் சாமான் வரத் தொடங்கியது. அதோடு மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் திரும்பும்போது ஒரு ரேப் றெக்கோடரைக் கட்டாயம் கொண்டு வந்தார்கள். அதுவரைக்கும் எங்கள் ஆக்களுக்குப் பாட்டென்றால் இலங்கை வானொலியும் கோயில் லவுட் ஸ்பீக்கரும்தான். தேற்றாத்தீவில் கொம்புச்சந்திப் பிள்ளையார் கோயில் திருவிழா என்றால் சீர்காழி கோவிந்தராஜன் ஊர் முழுக்கக் கேட்கும். யூதாததேயு திருத்தலத் திருநாள் என்றால் மாதா பாட்டும் யூதாததேயு பாட்டும் கேட்கும். எதைப் போடுவது என்பது ஸ்பீக்கர் கட்டுகிறவரின் கையில் இருந்தது.

கசற் அந்த அதிகாரத்தைப் பிரித்துக் கொடுத்தது. 'றெக்கோடிங் பார்' என்று கடைகள் வந்தன. வெறும் கசற்றையும் பாட்டு லிஸ்ற்றையும் கொடுத்தால் சில நாளில் பதிந்து தருவார்கள். 60 நிமிடக் கசற்றில் பக்கத்துக்கு 30 நிமிடம், 90 என்றால் 45. ஒரு 90இல் ஏறக்குறைய 20 பாட்டு. எதை விடுவது, எதைச் சேர்ப்பது என்று யோசித்தே ஒரு கிழமை போகும் என்று மாமா சொல்வார். "இப்ப உங்களுக்குத் தெரிவு எண்டு ஒண்டு இல்ல மனே, எல்லாம் கிடக்கு" என்பார்.

பற்றரியும் சோதனைச் சாவடியும்

1990 ஜூனில் யுத்தம் திரும்பத் தொடங்கிய பிறகு, பாட்டுக் கேட்பது ஒரு மின்சாரப் பிரச்சினையானது. வடக்கில் நிலைமை இன்னும் மோசம். யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லை, பொருளாதாரத் தடையில் பற்றரியும் அடக்கம். அங்கத்தைய ஆக்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் றேடியோவும் பாட்டும் கேட்டார்கள். ஒருவர் சுற்ற, மற்றவர்கள் கேட்பார்கள். சுற்றுகிறவர் களைத்தால் பாட்டும் களைக்கும். பெற்றோல் கிடைக்காமல், கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் அவை. அந்தக் காலத்துக் கார் செற் வரலாற்றை எழுதப்போனால் காரை விடச் சைக்கிளைப் பற்றித்தான் எழுத வேண்டிவரும்.

எங்கள் மாவட்டம் வாவியால் இரண்டாகப் பிரிந்தது. எழுவான்கரை இராணுவத்திடமும் படுவான்கரையின் பெரும்பகுதி நீண்ட காலம் புலிகளிடமும் இருந்தன. தேற்றாத்தீவு எழுவான்கரையில், கல்முனை வீதியில் இருக்கிறது. அம்மப்பாவின் ஊர் அக்கரை. நடுவில் துறையும் பாலமும் சோதனைச் சாவடியும். டைம் பற்றரி நாலைக் கொண்டுபோனாலும் கேள்வி வரும் என்று அம்மா சொல்வா. கசற் கொண்டுபோனால் அது இன்னும் பெரிய கேள்வி. இயக்கப் பாட்டாக இருந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் சாவடிக்குக் கிட்டப் போகும்போது சாரதிமார் செற்றை நிப்பாட்டி விடுவார்கள், அல்லது சிங்களப் பாட்டுக் கசற் ஒன்றை உள்ளே தள்ளி வைத்திருப்பார்கள். பயத்தில் வீடுகளில் எரித்த கசற்றும் புதைத்த கசற்றும் எத்தனையோ. அதில் சினிமாப் பாட்டும் போனது, கூத்தும் போனது, ஒப்பாரியும் போனது. மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க நேரமில்லாத நாட்கள். மிஞ்சியதில் ஒரு பங்கைக் கரையோரத்தில் 2004 டிசம்பர் 26 கொண்டு போனது.

ஜப்பானுக்குச் செய்த றேடியோ

90களின் கடைசியில் தமிழில் தனியார் எஃப்.எம். நிலையங்கள் வந்தன. அப்போது வேறொரு சிக்கல். எங்கள் வேன்களில் கூடுதலானவை ஜப்பானில் ஓடி, கழித்து, இங்கே வந்தவை. அந்தக் காலத்தில் ஜப்பானில் எஃப்.எம். அலைவரிசை 76இலிருந்து 90 மெகாஹேர்ட்ஸ் வரை மட்டும்தான் இருந்தது. அதற்கு மேலே 90இலிருந்து 108 வரை அவர்கள் தொலைக்காட்சிக்குக் கொடுத்திருந்தார்கள். எங்கள் நிலையங்களோ 88க்கும் 108க்கும் நடுவில். அதாவது நல்ல விலை கொடுத்து வாங்கிய வேனில், அருமையான செற்றில், எங்கள் நிலையங்களில் பெரும்பாலானவை பிடிக்காது.

இதற்கு வாகன வயரிங் செய்கிறவர்கள் ஒரு மருந்து வைத்திருந்தார்கள். அன்ரெனா வயருக்கும் செற்றுக்கும் நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. அது வருகிற அலைவரிசையைக் குறிப்பிட்ட அளவு கீழே இறக்கிக் கொடுக்கும். 14 மெகாஹேர்ட்ஸ் இறக்குகிற பெட்டி என்றால், 102இல் வருகிற நிலையம் செற்றில் 88இல் கேட்கும். அதனால் அறிவிப்பாளர் ஒரு இலக்கம் சொல்வார், செற் வேறொரு இலக்கம் காட்டும்.

அந்த வேன்களில் இன்னுமொரு அனாதை வாய் இருந்தது. சொனி 1992இல் விட்ட மினி டிஸ்க் போடும் வாய். ஜப்பானில் அது நன்றாக ஓடியது. இங்கே அந்த டிஸ்க்கை எங்கே போய் வாங்குவது? நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அதற்குள் பஸ் ரிக்கற்றைத் தள்ளி ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

சிடி வந்தது. பிறகு எம்.பி.3 சிடி வந்தது. ஒரு தட்டில் 150 பாட்டு. எம்.பி.3 என்பது ஜேர்மனியின் ஃப்ராவுன்ஹோஃபர் ஆய்வாளர்கள் முன்னின்று செய்த சுருக்கும் முறை. மனிதக் காதுக்கு எப்படியும் கேட்காத பகுதிகளைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் வைத்திருக்கும். சாதாரணத் தரத்தில் ஒரு நிமிடப் பாட்டுக்கு ஏறக்குறைய ஒரு எம்பி. ஆனால் எங்கள் வீதிகளில், அதுவும் யுத்தம் முடிந்து காபற் போடுவதற்கு முந்தின வீதிகளில், சிடி துள்ளாமல் ஓடியதில்லை.

யூ.எஸ்.பி.: யார் எஜமான்?

யூ.எஸ்.பி. பாட்டுக்காக வந்ததே இல்லை. கணினியின் பின்பக்கம் விசைப்பலகைக்கு ஒரு வாய், பிரிண்டருக்கு ஒரு வாய் என்று கிடந்த சிக்கலைத் தீர்க்க, இன்டெல் உட்பட ஏழு கொம்பனிகள் சேர்ந்து 1996இல் கொண்டு வந்தவை அவை. இன்டெலில் அந்த வேலையில் முன்னுக்கு நின்ற அஜய் பட் குஜராத்தின் வதோதராவில் பிறந்தவர். 2000இல் பென்ட்ரைவ் கடைக்கு வந்தது, 2001இல் ஐபொட். பாட்டு சட்டைப் பைக்குள் வந்துவிட்டது, ஆனால் வேனின் ஸ்பீக்கருக்கு எப்படிப் போவது? சிகரெற் லைற்றர் ஓட்டையில் செருகுகிற சின்ன எஃப்.எம். ட்ரான்ஸ்மிற்றர் ஒரு வழி. (ஜப்பான் செற் என்றால் அதையும் 90க்குக் கீழேதான் வைக்க வேண்டும்!) கடைசியில் செற்றிலேயே யூ.எஸ்.பி. வாய் வந்தது.

இங்கேதான் என் பிழைக்கான விடை இருக்கிறது. யூ.எஸ்.பி.யில் இரண்டு பக்கமும் சமம் இல்லை. ஒன்று எஜமான், மற்றது ஏவல். கணினியோடு இருக்கும்போது கணினி எஜமான். வேனில் அந்த வேலையை செற் பார்க்க வேண்டும். ஆனால் அது மிகச் சின்ன மூளையுள்ள எஜமான். பென்ட்ரைவில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறைகள் பல இருக்க, பெரும்பாலான செற்றுகளுக்குத் தெரிந்தது ஃபாட் 32 என்ற பழைய முறை மட்டும். அந்த முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு கோப்பை வைக்க முடியாது. நான் முந்தின மாதம் பெரிய படம் ஒன்றை ஏற்றுவதற்காகப் பென்ட்ரைவை என்.ரி.எஃப்.எஸ். முறைக்கு மாற்றியிருந்தேன். செற் திகைத்தது அதனால்தான்.

போனை வயரால் மாட்டினால் சார்ஜ் மட்டும் ஏறி, பாட்டு வராமல் இருப்பதும் இதே கதைதான். பழைய எம்.பி.3 பிளேயர்கள் சில தங்களைப் பென்ட்ரைவ் போலக் காட்டிக்கொள்ளும், அவற்றைச் செற் வாசிக்கும். ஐபொட் தன்னுடைய பாஷையில் மட்டும் பேசும். அன்ட்ரொயிட் போன்களும் 2011 அளவில் பென்ட்ரைவ் வேசத்தை விட்டுவிட்டு வேறு முறைக்குப் போய்விட்டன. பாட்டு அகரவரிசையில் வராமல் மாறி மாறி வருவதும் பழுது இல்லை. பல செற்றுகள் நாங்கள் ஏற்றிய வரிசையிலேயே பாடும்.

இன்னொன்றும் கவனித்தேன். தமிழில் பெயர் வைத்த பாட்டென்றால் மலிவுச் செற் பெட்டி பெட்டியாகவோ கேள்விக்குறியாகவோ காட்டும். அதனால் கொமினிகேசனில் பாட்டு ஏற்றித் தருகிறவர்கள் எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில், அல்லது வெறும் இலக்கத்தில் போடுவார்கள். அம்மப்பாவின் கசற் உறையில் நீல மையில் கூத்தின் பெயர், மத்தளம் அடித்தவர், சல்லாரி போட்டவர் எல்லாம் எழுதியிருந்தது. நான் அதைப் பென்ட்ரைவில் போட்டபோது வைத்த பெயர்: 'ட்ராக் 01'.

பழைய செற்

ஃபோர்மற் பண்ணினால் எல்லாம் உடனே அழிவதில்லை. விரைவு ஃபோர்மற் என்றால் அட்டவணைதான் போகும், உள்ளே இருப்பது கிடக்கும், மீட்கலாம். ஆனால் நான் அதன் மேலே பென்ட்ரைவ் நிரம்பப் பாட்டு ஏற்றிவிட்டேன். மீட்பு மென்பொருள் போட்டுப் பார்த்ததில் 'ட்ராக் 01' வரவே இல்லை.

மாமாவிடம் சொன்னபோது அவர் ஏசவில்லை. "கசற் கிடக்குதானே?" என்றார். அம்மாவின் றங்குப் பெட்டியில் கிடந்தது. ஆனால் அதைப் போட்டுக் கேட்க ஊரில் ஒரு ரேப் இல்லை. கேட்டுத் திரிந்த வீடுகளில் எல்லாம் ஒரே பதில்: பழைய இரும்புக்குப் போட்டாச்சு.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்களே, 2025 வரை அந்தத் தடை இருந்தது. புது வேன் வாங்க வழியில்லாமல்தான் மாமா பழைய வேனைத் திருத்தித் திருத்தி ஓடினார், புது செற்றும் பூட்டினார். அப்போது கழற்றிய கசற் செற்றை எறியவில்லை. ஆளுக்கு எதையும் எறிய மனம் வராது. நெல் மூட்டைக்குப் பின்னால் உரப் பையில் சுற்றி வைத்திருந்தார்.

வேன் பற்றரியைக் கழற்றித் திண்ணையில் வைத்தோம். செற்றின் மஞ்சள் வயர் ஞாபகத்துக்கான மின்சாரம், சிவப்பு சாவி திருப்பினால் வருவது. இரண்டையும் சேர்த்து பற்றரியின் பிளஸில் முறுக்கினார். கறுப்பை மைனஸில். ஸ்பீக்கருக்கு ஓட்டோவிலிருந்து ஒன்று கடன் வாங்கினோம். கசற்றின் பல்லுக்குள் பென்சிலை விட்டு, இறுகிப் போயிருந்த நாடாவை ஒள்ளுப்பம் ஒள்ளுப்பமாகத் தளர்த்தினார். நான் போனில் பதிவை அமத்தி ஸ்பீக்கருக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் இரைச்சல். பிறகு மத்தளம். பிறகு அம்மப்பா.

11 நிமிடம் ஓடியது. அதற்குப் பிறகு நாடா உள்ளே சுற்றிக்கொண்டது, அறாமல் எடுக்க ஒரு மணித்தியாலம் போனது. மிச்சத்தை இன்னும் ஓடவிட்டுப் பார்க்கவில்லை, பயமாக இருக்கிறது. அந்த 11 நிமிடம் இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது. என் லப்டொப்பில், மாமியின் மகளின் போனில், இணையத்தில் ஒரு கணக்கில். பெயரும் மாற்றிவிட்டேன். உறையில் இருந்த அத்தனை பெயரையும் தமிழில் தட்டினேன். வேன் செற் அதைப் பெட்டி பெட்டியாகத்தான் காட்டுகிறது. காட்டட்டும்.

உங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலேயும் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் நாலு கசற் கிடக்கும். கலியாண வீடாக இருக்கலாம், வசந்தனாக இருக்கலாம், வெளிநாட்டிலிருந்து மாமா பேசி அனுப்பிய கடிதக் கசற்றாக இருக்கலாம். அதைப் போட்டுக் கேட்கிற செற் ஊரில் ஒன்றாவது மிஞ்சியிருக்கும்போதே எடுத்துப் போடுங்க. உறையில் எழுதியிருப்பதையும் படம் எடுங்க. முக்கியமாக, வெட்டி ஒட்டாதீங்க. பிரதி எடுங்க.